ஐம்பது மில்லிநொடிக்குள் ஓர் உலகம்

மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை நடத்த நினைப்பவர் முதலில் கேட்பது, இத்தனை பேர் விளையாட எத்தனை ஜிபி ரேம் வேண்டும் என்பதைத்தான். சர்வரை மாத வாடகைக்கு விடும் நிறுவனங்களின் விலைப்பட்டியலும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது: 2 ஜிபிக்கு ஒரு விலை, 4 ஜிபிக்கு ஒரு விலை, 8 ஜிபிக்கு இன்னொரு விலை. ரேமைக் கூறுபோட்டு விற்பது எளிது. பிராசசரின் வேகத்தை அப்படி நிறுத்து விற்க முடியாது. ஆகவே விற்பவருக்கு வசதியான அளவுகோலே வாங்குபவரின் மனத்திலும் அளவுகோலாக ஊன்றிவிட்டது. இந்த விளையாட்டு உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் வேறொரு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பலர் ஒரே உலகத்துக்குள் இறங்கி, விருப்பம்போல் கட்டியும் இடித்தும் ஆடும் சாண்ட்பாக்ஸ் விளையாட்டுகளில், சர்வரின் எல்லையைத் தீர்மானிப்பது பிராசசரின் ஒரே ஒரு கோர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதுதான். ரேம், டிஸ்க், இணைய இணைப்பு ஆகிய மற்ற ஒவ்வொன்றுக்கும் 'இது போதும்' என்றொரு அளவு உண்டு; அதற்கு மேல் செலவிடும் பணம் எதையும் வேகப்படுத்தாது. விளையாடுவதற்கு வேண்டிய கணினியும் நடத்துவதற்கு வேண்டிய கணினியும் வெவ்வேறு என்பதும் இதிலிருந்தே கிளைக்கும்.

ஸ்வீடனில் மார்க்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்ட மைன்கிராஃப்ட் 2011இல் முழு வடிவம் பெற்றது. 2014இல் மைக்ரோசாஃப்ட் இதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023க்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. இவ்வளவு வளர்ந்த பின்னும் அதன் சர்வர் அடிப்படையில் செய்யும் வேலை மாறவில்லை. ஒரு நொடியை அது 20 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் டிக் என்று பெயர். ஒரு டிக்குக்குக் கிடைக்கும் நேரம் 50 மில்லிநொடி. அதற்குள் பயிர் வளர வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும், ரெட்ஸ்டோன் சுற்றில் மின்சாரம் பாய வேண்டும், ஹாப்பர்கள் பொருளை அடுத்த பெட்டிக்குத் தள்ள வேண்டும், ஒவ்வொரு கிராமவாசியும் தன் கட்டிலுக்கு வழி தேட வேண்டும். இத்தனையும் 30 மில்லிநொடியில் முடிந்தால் மீதி 20 மில்லிநொடி சர்வர் சும்மா இருக்கும். 70 மில்லிநொடி ஆனால் நொடிக்கு 14 டிக்தான் நடக்கும். யாருடைய இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் உலகம் முழுவதும் மந்தமாகிவிடும். உடைத்த கல் மறுபடி முளைப்பது, அடித்த எதிரி தாமதமாகச் சாவது எல்லாம் இதன் அறிகுறிகள். இந்த வேலையை நான்கு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். பல்லாங்குழியில் ஒரு குழியின் முத்துகள் எங்கே முடிகின்றன என்று தெரிந்தால்தான் அடுத்து எந்தக் குழியை அள்ளுவது என்று தெரியும். பத்துப் பேர் கூடி உட்கார்ந்தாலும் ஆட்டம் சீக்கிரம் முடியாது. டிக்கின் கணக்கும் அத்தகையதே. ஒரு பிஸ்டன் தள்ளிய கல் தண்ணீரை மறிக்கிறது, தண்ணீர் நின்றதால் ஒரு பொருள் மிதக்காமல் தங்குகிறது, தங்கிய பொருளை ஹாப்பர் எடுக்கிறது. முன்னது முடியாமல் பின்னதைத் தொடங்கினால் இரண்டு கணினியில் இரண்டு விதமான உலகம் உருவாகிவிடும்.

கணினித் துறைக்கு இது புதிய சிக்கல் அல்ல. ஒரு வேலையில் வரிசையாக மட்டுமே செய்யக்கூடிய பகுதி எவ்வளவோ, அந்தப் பகுதிதான் மொத்த வேகத்துக்கும் எல்லை கட்டும் என்று ஜீன் அம்டால் 1967லேயே வாதிட்டார். 2004 வாக்கில் பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இருபது ஆண்டு கழித்து இன்றைய வேகமான சிப்கள் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் நிற்கின்றன. ஒரு சுழற்சியில் முடிக்கும் வேலை கூடியிருப்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் பெரிதும் பெருகியது கோர்களின் எண்ணிக்கைதான். இதனால் விலைக்கும் பயனுக்கும் தொடர்பில்லாத ஒரு நிலை வந்திருக்கிறது. 2022இல் ஏஎம்டி வெளியிட்ட எபிக் 9654 என்ற சர்வர் சிப்பில் 96 கோர்கள். அதன் உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு, அதே கட்டமைப்பில் வந்த ரைசன் 9 7950எக்ஸ் என்ற மேசைக்கணினி சிப்பில் 16 கோர்கள், உச்சம் 5.7. முன்னது பின்னதைவிடப் பல மடங்கு விலை. வங்கிக் கணக்கு, இணையதளம், வீடியோ மாற்றம் என்று ஆயிரம் தனித்தனி வேலைகளைச் செய்ய முன்னதற்கு இணையில்லை. ஒரே ஒரு மைன்கிராஃப்ட் உலகத்தை ஓட்ட வந்தால், மலிவான சிப்தான் ஜெயிக்கும். 'சர்வர்' என்ற சொல்லை நம்பிப் பழைய ஜியான் சர்வர் பிராசசர் கொண்ட இயந்திரத்தை இரண்டாம் கையாக வாங்கி, நிறைய கோரும் நிறைய ரேமும் இருந்தும் உலகம் திணறுவதைப் பார்த்துத் திகைப்பவர்களின் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

இது மைன்கிராஃப்டின் குறை, அதை எழுதிய விதத்தின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. பணமும் பொறியாளர்களும் உள்ள வேறு நிறுவனங்களும் இதே சுவரில் முட்டியிருக்கின்றன. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்தும் ஈவ் ஆன்லைன் விளையாட்டில் ஒரு சூரியக் குடும்பத்தின் கணக்கு முழுவதும் ஒரு கோரில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் போரிடக் கூடியபோது அந்தக் கோர் தாங்கவில்லை. அவர்கள் கண்ட வழி வினோதமானது: 2012இல் விளையாட்டுக்குள் ஓடும் காலத்தையே மெதுவாக்கினார்கள். சுமை கூடினால் காலம் இயல்பு வேகத்தில் பத்தில் ஒரு பங்குவரை இறங்கும். 2014 ஜனவரியில் நடந்த பி-ஆர்5ஆர்பி போர் ஏறத்தாழ 21 மணி நேரம் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். செகண்ட் லைஃப் வேறு வழியில் போனது. அதன் உலகம் பக்கத்துக்கு 256 மீட்டர் கொண்ட சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் தனி நிரல் ஓட்டுகிறது. அதற்கான விலை, எல்லைக்கோட்டைக் கடக்கும்போதெல்லாம் வரும் தடுமாற்றம், ஒரு சதுரத்துக்குள் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு.

ப்ராக் நகரின் வூப் நிறுவனம் செய்த ஃபேக்டோரியோ மூன்றாவது வழி, மூன்றிலும் சுவையானதும் அதுதான். அதில் சர்வர் உலகத்தை யாருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. விளையாடுபவர்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பதை மட்டும் அனுப்புகிறது. நொடிக்கு 60 முறை ஒவ்வொருவரின் கணினியும் முழுத் தொழிற்சாலையையும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எல்லாக் கணினியிலும் விடை அச்சு அசலாக ஒன்றாகவே வர வேண்டும். இங்கே இணையச் செலவு மிகக் குறைவு. ஆனால் விளையாட வரும் ஒவ்வொருவருக்கும் சர்வருக்கு இணையான கணினி வேண்டும். பின்தங்குபவர் வெளியே போக வேண்டியதுதான். இன்னொரு பாடமும் இந்த விளையாட்டிலிருந்தே கிடைத்தது. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் மூத்த உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. இருந்தும் ஃபேக்டோரியோ சோதனைகளில் அதைத் தெளிவாக முந்தியது. காரணம், கேஷ் என்ற, சிப்புக்குள்ளேயே இருக்கும் 96 எம்பி விரைவு நினைவகம். கணக்கு போடுவதைவிடத் தரவு வந்து சேரக் காத்திருப்பதில்தான் கோரின் நேரம் கரைகிறது என்பதை இது காட்டியது. ஆகவே 'கோரின் வேகம்' என்று இங்கே சொல்வதை கிகாஹெர்ட்ஸ் எண்ணாக மட்டும் வாசிக்கக் கூடாது. சிப்பின் தலைமுறை, கேஷின் அளவு, ரேம் எவ்வளவு விரைவில் பதில் தருகிறது என்பவையும் அதற்குள் அடங்கும்.

இனி எதிர்வாதங்கள். வலுவான முதல் வாதம், மென்பொருள் மாறிவிட்டது என்பது. மறுப்பதற்கில்லை. 2019இல் வந்த 1.14 பதிப்பில் ஒளிக்கணக்கு தனித் திரெடுக்கு, அதாவது வேறொரு கோரில் ஓடக்கூடிய தனி வேலைச் சரத்துக்குப் போனது. இதுவரை யாரும் கால் வைக்காத நிலப்பரப்பைப் புதிதாக உருவாக்கும் வேலையும் பல கோர்களுக்குப் பிரிகிறது. பேப்பர் என்ற மாற்று சர்வர் மென்பொருளை எழுதும் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஃபோலியா ஒரு படி மேலே சென்று, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள பகுதிகளைத் தனித்தனிக் கோர்களில் டிக் செய்கிறது. ஆனால் ஃபோலியாவை எழுதியவர்களே அதற்குக் குறைந்தது 16 கோர் இருப்பது நல்லது, ஆட்கள் பரந்து சிதறி விளையாடும் சர்வருக்குத்தான் அது ஏற்றது என்று சொல்லியிருக்கிறார்கள். நண்பர்கள் எட்டுப் பேர் ஒரே கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தால் அது மறுபடி ஒரே பகுதி, ஒரே கோர். பழைய பிளகின்கள் பலவும் அதில் மாற்றி எழுதாமல் ஓடாது. இந்த சர்வர் எழுதப்பட்ட ஜாவா மொழிக்குப் பதில் சி++ மொழியில் எழுதினால் தீருமே என்பார்கள். மைன்கிராஃப்டின் இன்னொரு வடிவமான பெட்ராக் பதிப்பு சி++இல்தான் இருக்கிறது. கைபேசியில்கூட ஓடும் அளவுக்கு இலகுவானது. அதனால் ஒவ்வொரு வேலையும் விரைவாக முடியலாம். வேலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நடக்க வேண்டியிருப்பது மொழி மாறினால் மாறிவிடாது.

பெரிய சர்வர்களைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 2013இல் தொடங்கிய ஹைபிக்ஸலில் 2021இல் ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்களே, அது எப்படி? அது ஒரே உலகம் அல்ல என்பதே பதில். வாசலில் ஒரு ப்ராக்ஸி நின்று வருபவர்களை எண்ணற்ற சிறிய உலகங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சில பேரோ சில டஜன் பேரோதான். ஒருவர் ஒரு கதவைத் திறந்தால் இரண்டு லட்சம் பேருக்கும் அது திறக்க வேண்டியதில்லை. ஒரே உலகத்தில் எல்லாரும் வாழும் சர்வரை நடத்த விரும்புபவருக்கு அந்த உதாரணம் உதவாது.

ரேமைப் பற்றிய நம்பிக்கையைத்தான் சற்று நிதானமாகச் சோதிக்க வேண்டும். உலகம் 16க்கு 16 கட்டை அளவுள்ள, ஆங்கிலத்தில் chunk எனப்படும் 'சங்கு'களாக, அதாவது செங்குத்தான தூண்களாகச் சேமிக்கப்படுகிறது. 2021இன் 1.18 பதிப்பிலிருந்து ஒரு சங்கின் உயரம் 384. அதை 4,096 கட்டைகள் கொண்ட 24 கனசதுரங்களாக விளையாட்டு பிரித்து வைக்கிறது. ஒரு கனசதுரத்துக்குள் என்னென்ன வகைக் கட்டைகள் உண்டு என்று சிறு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டைக்கும் அந்தப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் எழுதுகிறது. அதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 பிட் போதும். ஆறு என்றே வைத்தாலும் கனசதுரத்துக்கு 3 கிலோபைட், சங்குக்கு 72 கிலோபைட். பார்வைத் தூரம் சர்வரின் இயல்பு அளவான 10 என்றால் ஒருவரைச் சுற்றி 21 பெருக்கல் 21, ஆக 441 சங்குகள். இருபது பேர் ஒருவரையொருவர் காணாத தொலைவில் சிதறி இருந்தால் 8,820. மொத்தம் சுமார் 620 எம்பி. ஒளியின் அளவைக் குறிக்கும் தரவைத் தாராளமாகச் சேர்த்தாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். உயிரினங்கள், ஜாவாவின் சொந்தச் செலவு எல்லாம் கூட்டி இரண்டு மூன்று ஜிபி என்பது என் கணிப்பு. ஒரே ஊரில் சேர்ந்து வாழும் இருபது பேருக்கு இதில் பாதிகூட ஆகாது.

பிறகு ஏன் 6, 8 ஜிபி கொடுக்கச் சொல்கிறார்கள்? ரேமைக் கூட்டியதும் லேக் எனப்படும் இழுப்பு போனதாகப் பலர் சொல்வது பொய்யா? பொய்யில்லை. ஜாவா நிரல் ஒவ்வொரு டிக்கிலும் ஏராளமான தற்காலிகத் தரவை உருவாக்கிக் கைவிடுகிறது. இடம் நிரம்பியதும் அந்தக் குப்பையைத் திரட்டி அகற்ற வேண்டும். அகற்றும் வேலையின் சில கட்டங்களில் விளையாட்டு நின்று காத்திருக்கும். ரேம் மிகக் குறைவாக இருந்தால் இந்தத் துப்புரவு ஓயாமல் நடக்கும். இரண்டு ஜிபியில் மூச்சு முட்டிய சர்வர் ஆறு ஜிபியில் சீராவது இதனால்தான். மாட் எனப்படும் கூடுதல் நிரல்களை நூற்றுக்கணக்கில் சேர்த்த தொகுப்புகளுக்கு 8, 10 ஜிபிகூடத் தேவைப்படும். அவை புதிய கட்டைகள், எந்திரங்கள் எல்லாவற்றையும் நினைவில் ஏற்றிக்கொள்பவை. ஆனால் தேவையைத் தாண்டிய பின் கூட்டும் ஒவ்வொரு ஜிபியும் துப்புரவைத் தள்ளிப்போடுமே தவிர, 70 மில்லிநொடி ஆகும் டிக்கை 50க்குக் குறைக்காது. முப்பது ஜிபியை அள்ளிக் கொடுத்தால் சில அமைப்புகளில் துப்புரவு வரும்போது நெடுநேரம் நின்றுவிடவும் கூடும்.

சுமையை ஆள் எண்ணிக்கையால் அளப்பதும் பாதி உண்மைதான். கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும் பத்துப் பேரைவிட, தானியங்கிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் அதிகச் செலவு பிடிப்பார். நூறு கிராமவாசிகளை ஒரு மண்டபத்தில் அடைத்து வைத்தால் அவர்கள் ஒவ்வொருவரும் வழி தேடித் தேடிக் கோரைத் தின்கிறார்கள். ஹாப்பர் வரிசைகளும் அப்படியே. எலிட்ரா என்ற சிறகில் பறந்து புதிய நிலம் காணப் போகும் ஒருவர், சர்வரை விடாமல் மலையும் குகையும் செய்யச் சொல்கிறார். பார்வைத் தூரமோ இருபடியாக வளர்வது: 10க்கு 441 சங்கு என்றால் 20க்கு 1,681, 32க்கு 4,225. எனவே புதிய வன்பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை மலிவானவை. 1.18இலிருந்து பார்வைத் தூரமும் உயிரினங்களும் பயிர்களும் இயங்கும் தூரமும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவதை 6 அல்லது 5க்கு இறக்கினால் கண்ணுக்குத் தெரியும் உலகம் சுருங்காமல் சுமை இறங்கும். மைன்கிராஃப்டை உருவாக்கும் மோஜாங் தரும் அசல் சர்வருக்குப் பதில் பேப்பரைப் போடலாம், அல்லது மாட்களை ஏற்றும் ஃபேப்ரிக்கின் மேல், சுமையைக் குறைக்கும் லித்தியம் மாடைச் சேர்க்கலாம். உலகத்தின் எல்லையை முன்பே குறித்து, அதற்குள் உள்ள நிலத்தை இரவோடிரவாக உருவாக்கி வைத்துவிடலாம். நிலம் செய்யும் இந்த வேலைக்குத்தான் மிகையான கோர்கள் உண்மையிலேயே கைகொடுக்கும்.

விளையாடும் கணினிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பிறர் நடத்தும் சர்வரில் சேர்பவரின் கணினி உலகைக் கணக்கிடுவதில்லை. வந்து சேரும் தரவைப் படமாக வரைவதுதான் அதன் வேலை. மோஜாங்கின் லாஞ்சர் இதற்கு நீண்ட காலம் 2 ஜிபியைத்தான் இயல்பாக ஒதுக்கி வந்தது. வரைவதை வேகப்படுத்தும் சோடியம் மாடைச் சேர்த்து, பார்வைத் தூரத்தை 8, 10இல் வைத்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பே போதும். ஷேடர் போட்டு நீரில் சூரியனைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு முதன்மையாகிறது. சர்வருக்கோ அந்தக் கார்டு ஒரு பைசா பயன் தராது. இரண்டையும் ஒரே கணினியில் செய்வதுதான் சிக்கலான நிலை. 2012இன் 1.3 பதிப்பிலிருந்து தனியாக விளையாடும்போதும் உள்ளே ஒரு சர்வர் ஓடுகிறது. தன் ஆட்டத்தையே நண்பர்களுக்குத் திறந்துவிடுபவரின் லேப்டாப் வரைவது, கணக்கிடுவது என்ற இரண்டு சுமையையும் ஒன்றாகத் தூக்குகிறது. சூடு ஏறியதும் மெல்லிய லேப்டாப்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடிய ஆட்டம் அதன்பின் இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வீட்டில் இயந்திரம் எதற்கு, கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் போயிற்று என்பதும் நியாயமான யோசனையே. அங்கே 'விசிபியு' என்று விற்பது பெரும்பாலும் ஒரு கோரில் பாதியான ஒரு திரெட். மலிவான வகைகளில் தொடர்ந்து வேலை வாங்கினால் வேகம் குறைக்கப்படும். அவ்வப்போது மட்டும் விழித்தெழும் இணையதளத்துக்கு அது ஒத்துவரும், நொடிக்கு 20 முறை ஓயாமல் உழைக்கும் சர்வருக்கு ஒத்துவராது. எந்த பிராசசர் மாடல் என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வீட்டில் நடத்துபவருக்கு வேறு தடைகள். இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அந்த இணைப்பில் 25565 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு வெளியிலிருந்து ஆட்களை அழைக்க முடியாது. தனி ஐபிக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது ஐபிவி6, டனல் சேவை என்று மாற்றுவழி தேட வேண்டும். அனுப்பும் வேகமும் நிலையான பிங்கும் இங்கே முக்கியம். சினிமா பார்க்க உதவும் இறக்கும் வேகம் அல்ல. சென்னையில் இருப்பவர்கள் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வரில் நிம்மதியாக ஆடலாம். ஐரோப்பாவில் உள்ளதில் தொலைவின் தாமதமே இரண்டு மூன்று டிக்கை விழுங்கிவிடும். அதை எந்த வன்பொருளாலும் வாங்கி ஈடுகட்ட முடியாது. டிஸ்க்கைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சாதாரண எஸ்எஸ்டி வேண்டும், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம். விலை உயர்ந்த என்விஎம்இ பெரிய மாற்றம் தராது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உலகக் கோப்பு கெடலாம் என்பதால் ஒரு யுபிஎஸ்ஸும், நாள்தோறும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியும் அதைவிடப் பயனுள்ள செலவு.

பத்துப் பேர்வரை சேர்ந்து மாட் இல்லாமல் விளையாட, சமீபத்திய தலைமுறை ஆறு கோர் மேசைக்கணினி பிராசசர், 16 ஜிபி ரேம், அதில் சர்வருக்கு 6, எஸ்எஸ்டி, ரவுட்டரிலிருந்து நேரடிக் கேபிள் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நான்கைந்து பேருக்கு என்றால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சில ஆண்டு பழைய மேசைக்கணினியே தாங்கும். ஏற்கெனவே ஒரு சர்வர் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: எல்லாரும் உள்ளே இருக்கும் நேரத்தில் 'டிக் குவெரி' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் வந்த 1.20.3 முதல் எல்லா ஜாவா பதிப்புகளிலும் அது இருக்கிறது; ஒரு டிக்குக்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று சொல்லும். அந்த எண் நாற்பதுக்குக் கீழே இருந்தும் ஆட்டம் இழுக்கிறது என்றால் இணையத்தையோ விளையாடுபவரின் கணினியையோ பாருங்கள். ஐம்பதைத் தாண்டினால் முதலில் இயங்கும் தூரத்தைக் குறையுங்கள், ஸ்பார்க் என்ற கருவியைப் போட்டு எந்தப் பண்ணை நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகும் ஐம்பதுக்கு மேல் நின்றால், அப்போது பிராசசரை மாற்றுங்கள்.